அறை அ-வில் மச்சான், அறை ஆ-வில் மாப்பிள்ளை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு கையேட்டின் பதினோராம் பக்கமாகப் பிறந்தது.

ஒலிக்கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்று, தன் புதிய பெட்டிகளுக்குத் தமிழில் கையேடு எழுதித் தரச் சொன்னது. அந்தப் பெட்டிகள் செய்கிற வேலையைச் சொல்வது சுலபம். ஓர் அறையில் ஒருவர் பாடுகிறார். அந்த ஒலியைக் கை தடிமனான கேபிளில் அனுப்பாமல், அலுவலகக் கணினிகளை இணைக்கிற அதே மெல்லிய நெட்வொர்க் கேபிளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும். இன்னோர் அறையில் இருக்கும் பெட்டி பொட்டலங்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, மறுபடி ஒலியாக்கும். எல்லாப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்கும். நேரம் தவறி வந்த பொட்டலத்தை வாங்காது, தூக்கி எறிந்துவிடும். இதையெல்லாம் பத்துப் பக்கங்களில் நல்ல பிள்ளையாக எழுதி முடித்தேன்.

பதினோராம் பக்கத்தில் ஒரு படம். இரண்டு சதுரங்கள். ஒன்றில் ‘அறை அ’, மற்றதில் ‘அறை ஆ’. நடுவே ஒரு கோடு. அதற்குக் கீழே நான் எழுத வேண்டிய வாக்கியம்: “அறை அ-வில் உள்ள கலைஞரும் அறை ஆ-வில் உள்ள கலைஞரும் சேர்ந்து இசைப்பதாகக் கொள்வோம்.”

என்னால் அப்படிக் கொள்ள முடியவில்லை. ஒரே கட்டடம். இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்தால் பன்னிரண்டு எட்டு. பிறகு எதற்கு இரண்டு அறை? பேசாமல் ஓர் அறையில் உட்கார்ந்து வாசித்துத் தொலைய வேண்டியதுதானே? யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். இரண்டு பேருக்கும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை, யார் இவர்கள், நடுவில் அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று எழுதிக்கொண்டே போனேன். அனுப்பிய மறுநாள் நிறுவனத்தின் மேலாளர் அம்மா கூப்பிட்டார்.

“சார், எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கையேட்டுல மச்சான் எதுக்கு சார்?”

நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

2

கதை என்று முடிவானதும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கையேட்டுக்குத் தொடக்கம் பிரச்சினையில்லை. ‘பெட்டியைத் திறக்கவும்’ என்று எழுதினால் போதும். கதைக்கு அது முடியாது. மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மறைக்காமல் காட்டுகிறேன்.

தொடக்கம் ஒன்று: “இசைக்கு எல்லையில்லை என்று சொன்னவன், நெட்வொர்க் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் எல்லை என்பதை அறியாத—”

வேண்டாம். புத்திசாலித்தனம் முந்திரிக்கொட்டை மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

தொடக்கம் இரண்டு: “வானம் மூடிக்கிடந்தது. அவள் மனமும்—”

வானம் எப்படிக் கிடந்தால் நமக்கென்ன. இந்தக் கதை நடக்கிற ஒலிப்பதிவு அறைகளில் சன்னலே கிடையாது.

தொடக்கம் மூன்று: “‘உன் புருஷன்கிட்ட சொல்லிவை,’ என்றார் அண்ணன்.”

இது பரவாயில்லை. உள்ளே இரண்டு ஆண்களும் அவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணும் இருப்பது ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. இங்கிருந்தே போகலாம்.

3

“உன் புருஷன்கிட்ட சொல்லிவை,” என்றார் அண்ணன். “வேகம் நிமிஷத்துக்கு நூத்தி இருபது அடி. நூத்திப் பதினெட்டு இல்ல. நூத்திப் பத்தொன்பதும் இல்ல.”

அவள் மேசையிலிருந்த இன்னொரு பொத்தானை அழுத்தினாள். “ஏங்க, நூத்தி இருபதாம்.”

“கேட்டுச்சு,” என்றார் அவள் கணவர். “எனக்கும் எண்ணத் தெரியும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு.”

“கேட்டுச்சு,” என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

வானொலி நிலையத்தின் புதிய ஒலிப்பதிவுக்கூடம் அது. நடுவில் அவள் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அறை. இடதுபுறக் கண்ணாடிக்கு அப்பால் அறை அ, அதில் வயலினோடு அண்ணன். வலதுபுறக் கண்ணாடிக்கு அப்பால் அறை ஆ, அதில் டிரம் செட்டோடு கணவர். இருவர் காதிலும் ஹெட்போன். ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவர் காதில் கேட்கும். ஆனாலும் தூது போக இவள் வேண்டும். கண்ணாடிகளின் வழியே, அவள் தலைக்கு மேலாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட முடியும். அந்த ஆபத்தைத் தவிர்க்க அண்ணன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அது தெரிந்ததும் கணவர் டிரம் செட்டையே சுவர்ப்பக்கம் திருப்பினார். அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நிலையத்தில் எல்லோரும் அவளை ‘சவுண்டு அக்கா’ என்பார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் காது அப்படிப்பட்டது. பத்து மைக்கில் ஒன்று இரைந்தால் எது என்று பார்க்காமலே சொல்லுவாள். “என் தங்கச்சி காதை ஏமாத்த முடியாது” என்று அண்ணன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அண்ணனும் கணவரும் பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாசித்தவர்கள். வயலினும் டிரம்மும் மட்டும். மூன்றாவது ஆள் கிடையாது. அவளை அவர் கட்டிக்கொண்டதே அந்தப் பழக்கத்தில்தான். மச்சான், மாப்பிள்ளை என்று தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில், பெரிய அரங்கத்தில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு இழுவையாய் இழுத்துப் படுத்துவிட்டது. மேடையை விட்டு இறங்கும் படியிலேயே, நாலு பேர் பார்க்க, அண்ணன் கேட்டுவிட்டார்: “என்ன மாப்பிள்ளை, கையில கல்லைக் கட்டிக்கிட்டு அடிக்கிறீங்களா?” கணவர் சொன்னார்: “உங்களுக்காகத்தான் நின்னு நின்னு அடிச்சேன்.” இரண்டு பேரும் மற்றவர் வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்திவிட்டார் என்று வீட்டுக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு அண்ணன் வீடு இல்லை. கணவர் போகாதே என்று சொல்லவில்லை. அவள் கிளம்பும்போதெல்லாம் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவார், அவ்வளவுதான். அண்ணியும் அவளும் திருட்டுத்தனமாகப் போனில் குசுகுசுத்துக்கொள்கிறார்கள். நாற்பது வயதில் இது என்ன பிழைப்பு என்று அவளுக்கு அழுகை வரும்.

வானொலி நேரலை மூன்று மாதம் முன்பே ஒப்புக்கொண்டது. மாட்டேன் என்று முதலில் சொல்லப்போவது யார் என்ற போட்டியில் இருவருமே சொல்லவில்லை. “வரமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? அவர் இருக்கிற ரூம்ல உட்காரமாட்டேன்னுதான் சொன்னேன்,” என்றார் ஒருவர். மற்றவரும் அதையேதான் சொன்னார். வார்த்தை மாறாமல். அவள்தான் இரண்டு அறை யோசனையைச் சொன்னாள்.*

* இங்கே கையேட்டுக்காரன் தலைநீட்டுகிறான், மன்னிக்கவும். நல்ல நெட்வொர்க்கில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஒலி போய்ச்சேர ஒரு மில்லி விநாடி போதும். விநாடியை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஓர் அடிதான் நகரும். அதாவது, அறை அ-வில் இருப்பவரும் அறை ஆ-வில் இருப்பவரும் காதுக்கணக்கில் முட்டிக்கு முட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. மேலாளர் அம்மாவுக்குப் புல்லரிக்கவில்லை.

4

இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும் என்று நினைத்தேன். கையில் ஒருவர் தயாராக இருந்தார்.

நிலையத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. பொட்டலங்களை இந்தக் கேபிளிலிருந்து அந்தக் கேபிளுக்கு மாற்றி அனுப்பும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அவை அடுக்கியிருக்கும் இரும்பு அலமாரியின் சாவி இவர் இடுப்பில் தொங்கும். அதனால் பெயர் ஸ்விட்ச் சார். ஐம்பது வயது, முழுக்கைச் சட்டை, யார் எது கேட்டாலும் “மெயில் போடுங்க” என்கிற வாய். முதல் வரைவில் அவரைப் படுபாவியாக எழுதினேன். ஸ்விட்சுகளில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு வசதி உண்டு; வேலை இல்லாத இடைவெளியில் கேபிள் கண் அசரும். ஒலிக்கு அது ஆகாது, டிக் டிக்கென்று வெட்டும். ஸ்விட்ச் சார் வன்மத்தோடு அதைப் போட்டுவிடுகிறார் என்று—

ஏன் வன்மம்? தெரியவில்லை. அவருக்கும் அவளுக்கும் என்ன பகை? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. வில்லத்தனம் செய்யச் சொன்னால் அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். சரி, வில்லன் இல்லாமலே பார்ப்போம். வில்லன் இல்லாத கதைதான் எழுதக் கடினம். தப்பு யாருடையது என்று உண்மையாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

5

மதியம் இரண்டு மணிக்கு ஒத்திகை. நேரலை நான்கு மணிக்கு.

பாட்டு அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டியது, ஆறு நிமிடம். முதல் நிமிடம் ஜோராகப் போயிற்று. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. வயலின் ஓடி ஓடி வர, டிரம் அதன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மூன்றாவதில் இவளுக்கே தெரிந்துவிட்டது. நாலாவதில் காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி ஆயிற்று. அண்ணன் வில்லை மடியில் வைத்தார்.

“பார்த்தியாம்மா? நீயே உன் காதால கேட்டியா? மறுபடியும் அதே கல்லு.”

“நானா?” கணவர் குச்சியைக் கீழே போட்டார். “அவர் வந்து சேரட்டும், வந்து சேரட்டும்னு ஒவ்வொரு அடிக்கும் காத்துக்கிட்டு இருக்கேன். கை வலிக்குது எனக்கு.”

“சரி. உன் புருஷன்கிட்ட சொல்லிடு. நாலு மணிக்கு நான் தனியா வாசிச்சுக்கிறேன். இந்த ஜோடி கீடி எல்லாம் இன்னையோட முடிஞ்சுது.”

அறை ஆ-வில் கணவர் கீழே கிடந்த குச்சியை எடுத்தார். அது வேறு பயமாக இருந்தது. கோபமாகப் பேசினால் அவள் கணவரைச் சமாளிக்க முடியும். அவர் டிரம் குச்சிகளைப் பையில் வைத்து, பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க,” என்றாள். “நெட்வொர்க்கில ஏதோ கோளாறு. நான் பார்க்கிறேன்.”

ஒருவர் முன்வாசல் வழியாகப் போனார். ஒருவர் பின்படி வழியாகப் போனார். அவள் ஸ்விட்ச் சாருக்கு மெயில் போடவில்லை. நேரே போய்க் கையோடு இழுத்துவந்தாள்.

6

“என் பக்கம் எல்லாம் பச்சை மேடம்,” என்றார் ஸ்விட்ச் சார். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க. அனுப்பினது எல்லாம் வந்து சேர்ந்திருக்கு. ஒரு பொட்டலம்கூட தொலையலை. தாமதம் ஒரு மில்லி செகண்டு. எல்லாப் பெட்டியும் ஒரே கடிகாரத்துல நடக்குது.”

“நெட்வொர்க்குக்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்வீங்க.”

“சவுண்டுக்காரங்க எல்லாரும் எங்களையேதான் சொல்வீங்க.”

அவள் பதிவை ஓடவிட்டாள். திரையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு. தொடக்கத்தில் நிமிடத்துக்கு நூற்றி இருபது. முடிவில் தொண்ணூற்றேழு. திடீரென்று விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக இறங்கியிருந்தது. ஸ்விட்ச் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.*

* பாருங்கள், இங்கேயும் துடைக்கிறார். வேறு என்ன செய்யச் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்.

“எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது மேடம். ஆனா இதை நான் வேற இடத்துல பார்த்திருக்கேன். ரெண்டு மரியாதையான ஆளுங்க ஒரே வாசல்ல நின்னா என்ன பண்ணுவாங்க? நீங்க முதல்ல போங்க, இல்ல இல்ல நீங்க போங்க. கடைசியில ரெண்டு பேரும் வெளியிலயே நிப்பாங்க.”

“அதுக்கு?”

“ஒருத்தர் மத்தவரைக் கண்டுக்காம வாசிச்சிருந்தா, வேகம் குறைஞ்சிருக்குமா?”

அவள் திரையிலிருந்த கோடுகளை மறுபடி பார்த்தாள். குறைந்திருக்காது. எவனாவது ஒருவன் எனக்கென்ன என்று அவன் பாட்டுக்கு நூற்றி இருபதில் அடித்துக்கொண்டே போயிருந்தால் வேகம் அப்படியே நின்றிருக்கும். ஒருவர் மற்றவரைக் கூர்ந்து கேட்டு, அவருக்காகக் கொஞ்சம் பொறுத்து, அவரும் இவருக்காகக் கொஞ்சம் பொறுத்தால்தான் இப்படி இறங்கும். நூற்றி இருபதிலிருந்து தொண்ணூற்றேழு வரைக்கும் அந்த இரண்டு மனிதர்களும் ஒருவருக்காக ஒருவர் நின்று நின்று போயிருக்கிறார்கள்.

“ஆனா எதுக்காக நிக்கணும்?” என்றாள். “ஒரு மில்லி செகண்டு யாருக்கும் தெரியாதே.”

“உங்க சத்தம் எந்த வழியா போகுதுன்னு சொல்லுங்க. விரல் விட்டு எண்ணுங்க.”

“மைக்கிலேர்ந்து பெட்டி. பெட்டியிலேர்ந்து உங்க ஸ்விட்ச். ஸ்விட்ச்லேர்ந்து என் கம்ப்யூட்டர். அங்க கொஞ்சம் எக்கோ போட்டு, மறுபடி ஸ்விட்ச், அப்புறம் ஹெட்போன்—”

அவள் பார்வை, கணினிக்காக மடக்கிய நடுவிரலிலேயே நின்றுவிட்டது.

வெறும் ஒலி ஹெட்போனில் வறட்சியாக இருக்கும், பெரிய கூடத்தில் வாசிப்பது போல இதமாக இருக்கட்டும் என்று, அவர்கள் கேட்காமலே, பாசத்தோடு அவள் சேர்த்த எக்கோ. கணினி அதை மட்டும் சேர்க்கவில்லை. ஒலியை வாங்கி, உட்காரவைத்து, உபசரித்து, மெதுவாகத்தான் திருப்பி அனுப்பியது. அவள் கேட்டுக்கொண்டிருந்ததோ மைக்கிலிருந்து நேரே வருவதை. அவர்கள் காதுக்குப் போவதுதான் இந்தச் சுற்றுவழியில் போனது. ஏமாற்ற முடியாத காதுக்கு அது வந்துசேரவே இல்லை.

ஸ்விட்ச் சார் அறை அ-வுக்குள் போய்ப் பேனாவால் மைக்கைத் தட்டினார். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று தட்டிய நேரம். மற்றது ஹெட்போனுக்குப் போன நேரம். நடுவில் நாற்பத்தாறு மில்லி விநாடி.

காதுக்கணக்கில் ஐம்பது அடிக்கு மேல். தெருவின் அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர். அவ்வளவு தொலைவில் நிற்கவைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

7

சரிசெய்வது அரை நிமிட வேலை. திரையில் ஒரு கட்டத்தில் குறியை எடுத்துவிட்டு, இன்னொரு கட்டத்தில் குறி வைத்தாள். ஒலி இப்போது கணினிக்குள் நுழையாமல் பெட்டியிலிருந்து பெட்டிக்கு நேரே போனது. எக்கோ போயிற்று. தாமதமும் போயிற்று.

அவள் எழுந்து ஸ்விட்ச் சாருக்கு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன மாதம், அந்த அரங்கத்தில், முதன்முறையாக நெட்வொர்க்கில் ஒலி அனுப்பி எல்லோரையும் அசத்தியதும் அவள்தான். அந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிலையத்தார் இவளைக் கூப்பிட்டு இந்தக் கூடத்தையே கையில் கொடுத்தார்கள். அன்றும் மேடையின் இரு கோடியில் இருவர், இருவர் காதிலும் ஹெட்போன். இதே கணினி. இதே எக்கோ. அதே பாசம்.

கல்லைக் கட்டியது அவள். ஒரு மாதம் அண்ணி வீட்டுக்குப் போகாமல், கணவர் புரட்டிய செய்தித்தாளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்த ஆண்களுக்கு என்ன வீம்பு என்று அவர்களையே மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்தவள் அவள்.

ஸ்விட்ச் சாருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னார்:

“என் மேல போடுங்க மேடம். நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடுங்க. அந்த வார்த்தையைச் சொன்னா யாரும் மேற்கொண்டு கேக்கமாட்டாங்க. எனக்குப் பழக்கம்தான்.”

நான் வில்லனாக்கப் பார்த்த மனிதர் இவர். எழுதும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது.

8

இப்போது முடிவு. கையில் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: “நெட்வொர்க்கில சின்னக் கோளாறு, சரியாயிடுச்சு” என்கிறாள். நான்கு மணிக்கு அமோகமாக வாசிக்கிறார்கள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஸ்விட்ச் சார் வெளியே நின்று, யாருக்கும் தெரியாத தியாகத்தோடு தேநீர்—

இது இன்றைய மதியத்தை மட்டும்தான் சரிசெய்யும். போன மாதம் அந்த அரங்கத்தில் ஸ்விட்ச் சாரும் இல்லை, இந்த நிலையமும் இல்லை. அன்று மற்றவர்தான் காலை வாரினார் என்று இரண்டு பேரும் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக வாசித்துவிட்டு, ஒருவர் முன்வாசல் வழியாகவும் ஒருவர் பின்படி வழியாகவும் போய்விடுவார்கள்.

முடிவு இரண்டு: அவள் கண்ணீரோடு உண்மையைச் சொல்கிறாள். கதவுகள் திறக்கின்றன. மச்சானும் மாப்பிள்ளையும் ஓடிவந்து கட்டிப்பிடித்து—

கட்டிப்பிடிக்கிற ஆட்களா இவர்கள்? ஒருவர் நாற்காலியைத் திருப்பியதற்காக டிரம் செட்டைத் திருப்பியவர் இன்னொருவர். அதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மூன்றாவது முடிவை யோசிப்பதற்குள் அவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். மணி மூன்று ஐம்பது. அண்ணன் தனியாக வாசிக்கும் முடிவோடு வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தார். கணவர் பையை எடுத்துப்போகத்தான் வந்திருந்தார். சட்டென்று தோளில் மாட்டிக்கொண்டு போய்விடாமல், ஹெட்போனை மட்டும் ஏன் மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் சுருதி சேர்ப்பதைக் கேட்க என்று நினைக்கிறேன்.

அவள் மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். அது இரண்டு அறைகளுக்கும் சேர்த்துப் பேசும் பொத்தான். நான் அவளுக்கு அழகான வசனம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

“தப்பு என்னுது,” என்றாள். “இன்னைக்கு நடந்ததும் என் தப்பு, போன மாசம் நடந்ததும் என் தப்பு. உங்க காதுக்குச் சத்தம் லேட்டா போச்சு. நான் போட்ட எக்கோவால. நீங்க ரெண்டு பேரும் இழுக்கலை. அவர் வரட்டும்னு நீங்க நின்னீங்க, நீங்க வரட்டும்னு அவர் நின்னாரு. அவ்வளவுதான். யாருமே இழுக்கலை.”

அண்ணன் வில்லைக் கீழே வைத்தார்.

“ஒரு மாசம்,” என்றார் அண்ணன். அவர் குரல் உயர்ந்தது. “ஒரு மாசம் நான் தூங்கலை. உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா? அவ்வளவு பெரிய காதை வச்சுக்கிட்டு என்ன பண்ணினே?”

“அவளைத் திட்டாதீங்க,” என்றது அறை ஆ.

“என் தங்கச்சியை நான் திட்டுறேன். உங்களுக்கு என்ன மாப்பிள்ளை?”

“என் பொண்டாட்டியைத் திட்டினா எனக்கு என்னவா? நல்லா இருக்கே மச்சான்! படியில வச்சு நாலு பேர் முன்னாடி என்னைத் திட்டினீங்களே, அதுவும் அவ எக்கோவாலதானா?”

“திட்டினேன். தப்புத்தான். நீங்க மட்டும் என்ன, ஒரு போன் பண்ணினீங்களா? வீட்டுப்பக்கம் எட்டிப் பார்த்தீங்களா?”

“நீங்க பண்ணுவீங்கன்னு இருந்தேன்.”

“நானும் நீங்க பண்ணுவீங்கன்னுதான் இருந்தேன்!”

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். அவர்களுக்கு இப்போது அவள் தேவைப்படவில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒலி அதன் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அண்ணன் கத்தினார், கணவர் கத்தினார். போன மாதச் சண்டை முடிந்து, நாலு வருடம் முன்பு யாரோ யாருக்கோ சொல்லாமல் மேசை விளக்கை எடுத்துப்போன சண்டை ஆரம்பித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஸ்விட்ச் சார் தன் திரையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணுகூட தொலையலை மேடம்” என்றார்.

9

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

மணி மூன்று ஐம்பத்தொன்பது. நான்கு அடித்ததும் அறிவிப்பாளர் நிகழ்ச்சியைச் சொல்லுவார். அதற்குள் அவள் சிவப்பு விளக்கைப் போட்டாக வேண்டும். போட்டால் அறைகளில் பேச்சு நின்றுவிடும். அது அங்கே சட்டம். இருவரும் கருவியை எடுப்பார்கள், ஆறு நிமிடம் வாசிப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உள்ளே அண்ணன் இந்த நிமிடம்தான், “சரி, ஞாயித்துக்கிழமை” என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்திருக்கிறார். அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவர் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுகிற மனிதர். முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும், அதற்கு மாப்பிள்ளை பதில் சொல்ல இன்னொரு நிமிடம்.

அவள் விரல் விளக்கின் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லையா? நீங்கள் சொன்னதும் அழுத்திவிடுவாள்.